மழைக்குப் பிறகு கிடைத்த ராணி எறும்பு: வீட்டில் வளர்க்க முடியுமா?

கவிதா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை இங்கே நல்ல மழை. விட்டதும் வராந்தா விளக்கைச் சுற்றி ஏகப்பட்ட பூச்சி. என் மகனுக்கு 11 வயது. மூன்று பூச்சிகளை ஜாம் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு, "இது ராணி எறும்பும்மா, நான் வளர்க்கப் போறேன்" என்று ஒரே பிடிவாதம். தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் ஐரோப்பிய எறும்பைப் பற்றித்தான். அங்கே குளிர்காலத்தில் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கத்து எறும்புக்கு அது பொருந்துமா?

பூச்சிகள் இப்படி இருக்கின்றன. முதலாவதுக்கு நான்கு இறக்கை, நான்கும் ஒரே நீளம். இரண்டாவது விரல் கணு அளவு, செம்பழுப்பு நிறம், குளவி மாதிரி, உடம்பெல்லாம் மெல்லிய முடி. விளக்கில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவதுக்கு இறக்கை இல்லை. சுவரோரம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

எது ராணி? என்ன சாப்பாடு? மண் போடவேண்டுமா? வீடு முழுக்கப் பரவிவிடுமா?

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

வணக்கம் கவிதா. மூன்றாவது ஒன்றுதான் தேறும் என்று நினைக்கிறேன்.

முதலாவது ஈசல். கறையான் இனம், எறும்பே அல்ல. ஈசலுக்கு உணர்கொம்பு நேராக இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்காது, நான்கு இறக்கையும் ஒரே அளவு. எறும்பின் உணர்கொம்பு நடுவில் மடங்கியிருக்கும், இடுப்பு நூலாக ஒடுங்கும், முன் இறக்கை பின் இறக்கையைவிட நீளம். மழை விட்ட மாலையில் இரண்டும் சேர்ந்தே பறப்பதால் புதிதாக வருகிறவர்கள் பாதிப்பேர் ஈசலைத்தான் பிடித்து வைக்கிறார்கள்.

இரண்டாவது டோரிலஸ் இனத்து ஆண். நம் பக்கத்தில் மண்ணுக்குள்ளேயே கூட்டமாக வேட்டையாடும் செந்நிற எறும்பு இருக்கிறதே, அதன் ஆண். வெளிச்சத்துக்கு வரும். ஆணை வைத்துக் கூடு தொடங்க முடியாது. அந்த இனத்து ராணிக்கு இறக்கையே கிடையாது, பறந்தும் வரமாட்டாள். அதை வெளியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவதின் முதுகைப் பாருங்கள். தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள பகுதி வேலைக்கார எறும்புக்கு மெலிந்திருக்கும். ராணிக்கு அங்கே இறக்கைத் தசை இருந்ததால் புடைத்து, திமில்போல் உயர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் இறக்கை உதிர்ந்த வடு சின்னப் புள்ளியாகத் தெரியும். நீளம், நிறம் சொல்லுங்கள். மிகப் பருமனாக, 2 செ.மீ.க்கு மேலே இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது வேறு கதை.

---

கவிதா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

நன்றி அண்ணா. ஈசலையும் மற்றதையும் வெளியே விட்டுவிட்டோம். மூன்றாவது 1.5 செ.மீ. இருக்கும். தலை கருப்பு, கால் மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்றில் பக்கவாட்டில் மங்கலான வெளிர் புள்ளிகள். முதுகு நீங்கள் சொன்ன மாதிரியே புடைத்திருக்கிறது. வடுவும் தெரிகிறது. பருமன் என்று சொல்ல முடியாது. அதென்ன வேறு கதை?

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

நல்ல ராணி கிடைத்திருக்கிறாள். வர்ணனையைப் பார்த்தால் கேம்போனோட்டஸ் மாக்குலாட்டஸ் கூட்டத்தைச் சேர்ந்தவள். இரவில் நம் சமையலறைக்குச் சர்க்கரை தேடி வரும் பெரிய பழுப்பு எறும்பு, அதுதான். ஊரில் கட்டெறும்பு என்கிறோமே, அந்தக் குடும்பம். இந்தக் கூட்டத்தில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் பல உண்டு. அதனால் சரியான இனப்பெயர் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். வளர்ப்பதற்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. கொட்டும் முள் கிடையாது. கடிக்கும், அமிலம் பீச்சும், அவ்வளவுதான். பெரிய உருவம், அதனால் சின்னச் சந்தில் நுழைந்து ஓடாது. தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எறும்பை நான் சொல்லமாட்டேன்.

வேறு கதை என்றது கரேபாரா விடுவா. அந்த ராணி எங்கள் பக்கத்திலும் மழைக்குப் பின் வருவாள். அவ்வளவு பெரியவளாக இருப்பதால் எல்லோரும் ஆசைப்பட்டு எடுத்து வைக்கிறார்கள். அவளுடைய வேலைக்காரர்களோ 2 மி.மீ. அளவுதான். கறையான் புற்றின் சுவருக்குள் குடியிருந்து கறையான் குஞ்சுகளைத் தின்று வாழும் இனம். வீட்டில் வளர்க்க நினைக்கவே வேண்டாம். கண்டால் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது செய்யவேண்டியது. மண் வேண்டாம். சாப்பாடும் வேண்டாம்.

ஒரு டெஸ்ட் டியூப் வாங்குங்கள். 15 செ.மீ. நீளம், விட்டம் 16 மி.மீ. அளவு இருந்தால் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடும்படி பஞ்சை உருட்டி இறுக்கமாக அடையுங்கள். சாய்த்துப் பார்த்தால் பஞ்சு நனைய வேண்டும், தண்ணீர் கசியக்கூடாது. மிச்ச இடத்தில் ராணியை விட்டு, வாயை உலர்ந்த பஞ்சால் மூடுங்கள். காற்று பஞ்சு வழியாகவே போகும். கருப்புத் துணி சுற்றி, ஆட்டம் அசைவு இல்லாத அலமாரியில் படுக்கவைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் மேல் வைக்காதீர்கள், அதன் மோட்டார் அதிர்வு ஓயாது.

ஏன் சாப்பாடு வேண்டாம் என்றால், இந்த இனத்து ராணி பறந்து இணைசேர்ந்ததும் இறக்கையை உதிர்த்து மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொள்வாள். இனிமேல் தேவைப்படாத இறக்கைத் தசை உடம்புக்குள்ளேயே கரைந்து உணவாகிறது. கொழுப்பும் சேர்ந்துகொள்ளும். அதை வைத்து முதல் பிள்ளைகளைத் தானே ஊட்டி வளர்ப்பாள். நாம் தேனும் சர்க்கரையும் வைத்தால் பூஞ்சைதான் வரும். ஆணிடமிருந்து அன்று வாங்கிய விந்தை உடம்பில் ஒரு பையில் சேமித்து வைத்திருப்பாள். ஆயுள் முழுக்க அதுவே போதும், மறுபடி ஆண் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

டர்பன் கோடையில் வெப்பமூட்டி எதுவும் தேவையில்லை. ஃபிரிட்ஜ் கதை உங்களுக்கு இல்லவே இல்லை.

---

ஹைவெல்ட்_குமரன் எழுதியது:

ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கத்து லெனேஷியாவிலிருந்து எழுதுகிறேன். அக்கா, டெஸ்ட் டியூப் கிடைக்காவிட்டால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் எதுவானாலும் சரி, ஆனால் மருந்து வாசனை இருக்கக்கூடாது.

எங்கள் பக்கம் நிலைமை வேறு. இங்கே பிற்பகல் இடிமழைக்குப் பின் மெஸ்ஸோர் கேப்பென்சிஸ் பறக்கும். விதை சேர்க்கும் எறும்பு. புல்வெளியில் புற்றைச் சுற்றி உமி வட்டமாகக் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் ராணி தானே அடைபட்டு வளர்ப்பாள். வேலைக்காரர்கள் வந்த பிறகு கம்பு, கேழ்வரகு, புல் விதை, கடையில் விற்கும் பறவைத் தீனி என்று எல்லாம் எடுத்துக்கொள்ளும். விதையை மென்று ஒரு மாவுப் பசையாக்கிப் புழுக்களுக்கு ஊட்டும். பார்க்க அவ்வளவு அழகு. ஒன்று கவனிக்க வேண்டும், கடையில் விவசாயத்துக்கு விற்கும் விதையில் பூச்சிமருந்து தடவியிருக்கும். அதை வாங்கக்கூடாது, சாப்பாட்டுக்கு விற்பதைத்தான் வாங்கவேண்டும்.

ஜோபர்க் குளிர்காலத்தில் இரவு 0 டிகிரி அருகே போகிறது. எறும்பு மந்தமாகும், ராணி முட்டையிடுவதை நிறுத்துவாள். இயல்புதான். அந்த மாதங்களில் கட்டாயப்படுத்திச் சூடாக்காமல், அறை வெப்பத்திலேயே ஓய்வு கொடுப்பது நல்லது என்பது என் கருத்து.

---

கரும்புத்தோட்டம் எழுதியது:

டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். நான் எறும்பு வளர்ப்பவன் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கரும்பு வயலில் வேலை பார்த்தவன். கவிதா மகளே, தவறாக எடுத்துக்கொள்ளாதே. அந்த ராணியை ஏன் கண்ணாடிக்குள் அடைக்கவேண்டும்? எங்கள் ஆயா விடிந்ததும் வாசலில் அரிசி மாவால் கோலம் போடுவார். எறும்புக்குப் படியளக்கிற புண்ணியம் என்பார். எறும்பு வேண்டுமென்றால் வாசலிலேயே பார்க்கலாம்.

கரும்பில் எல்டானா என்றொரு தண்டுத் துளைப்பான் உண்டு. அந்துப்பூச்சி காய்ந்த தோகைக்குள் முட்டை வைக்கும், புழு தண்டைக் குடைந்து உள்ளே போய்விடும். உள்ளே போன பிறகு மருந்து எட்டாது. அந்த முட்டையைத் தேடித் தேடித் தின்பது எறும்புகள்தான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் படித்து எழுதியிருக்கிறார்கள். எறும்பு இருக்கிற வயல் எங்களுக்குக் காவல் இருக்கிற வயல். பிள்ளைகள் அதைப் பிடித்து அடைத்து வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. இதைக் கேட்காமலே தொடங்குகிறவர்கள்தான் அதிகம். நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

ஒரு மாலையில் ஒரு புற்றிலிருந்தே நூற்றுக்கணக்கான ராணிகள் பறக்கலாம். பல்லி, தவளை, பறவை, வேறு எறும்பு என்று அன்றிரவே பெரும்பாலானவை போய்விடும். புற்றாக நிலைப்பது மிகச் சில. அதனால் இறக்கை உதிர்த்து நடந்துகொண்டிருக்கும் ஒரு ராணியை ஒரு பையன் எடுப்பதால் வயலுக்கோ தோட்டத்துக்கோ இழப்பு வராது. ஆனால் நிலைத்த புற்றைத் தோண்டி ராணியை எடுப்பது முற்றிலும் வேறு. ராணியில்லாத அந்தக் கூட்டம் மெல்ல மெல்ல அழிந்துபோகும். நீங்கள் சொன்ன காவல் வேலை அங்கே நின்றுவிடும். தோண்டுவதை நான் யாருக்கும் சொல்லித்தரமாட்டேன், கேட்டாலும் பதில் எழுதமாட்டேன்.

அடைப்பது சரியா என்பது இன்னொரு கேள்வி. வாசலில் நாம் பார்ப்பது இரை தேட வெளியே வந்த கொஞ்சம் எறும்புகளை மட்டும்தான். பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. முட்டையை ஈரம் பார்த்து இடம் மாற்றுவதும், ஒன்று மற்றொன்றின் வாயிலிருந்து உணவு வாங்குவதும், செத்ததை எடுத்து ஒதுக்கி வைப்பதும் கண்ணாடி வழியாகத்தான் ஒரு பிள்ளைக்குத் தெரியும். அதைப் பார்த்த பிள்ளை எறும்பு மேல் மருந்து அடிக்கத் தயங்கும். என் வகுப்பு மாணவர்களிடம் இதை நேரில் பார்க்கிறேன்.

---

மலையடி_ராஜி எழுதியது:

கேப் டவுனிலிருந்து. ஐயா பேசியது புற்றை விட்டு எடுப்பது பற்றி. நான் அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது எறும்பை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவது பற்றிப் பேசவேண்டும். என் கவலை முழுக்க அங்கேதான்.

எங்கள் மாகாணத்தில் அர்ஜென்டினா எறும்பு என்று ஒன்று குடியேறியிருக்கிறது. போயர் போர்க் காலத்தில் குதிரைத் தீவனத்தோடு வந்ததாகக் கருதப்படுகிறது. சின்னது, பழுப்பு, வரிசை வரிசையாகப் போகும், பார்க்கச் சாது. ஆனால் அது வந்த இடத்தில் உள்ளூர் எறும்புகள் காணாமல் போகின்றன. ஃபைன்போஸ் என்கிற எங்கள் பக்கத்துப் புதர்க்காட்டுச் செடிகளில் நிறைய இனங்கள் தங்கள் விதையை எறும்பை நம்பித்தான் விடுகின்றன. விதையின் ஓரத்தில் கொழுப்பான சின்னச் சதைத்துண்டு ஒட்டியிருக்கும். உள்ளூர் எறும்பு அதற்காக விதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புற்றுக்குள் வைத்து, சதையைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடும். மண்ணுக்குள் இருப்பதால் எலி எடுக்காது, காட்டுத்தீ வந்தாலும் பிழைக்கும், தீக்குப் பிறகு முளைக்கும். அர்ஜென்டினா எறும்பு விதையைக் கண்டுபிடிக்கவே நேரமெடுக்கும், கொஞ்ச தூரமே இழுக்கும், புதைக்காது. மேலே கிடக்கும் விதையை எலி தின்றுவிடும். 1984-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அந்த எறும்பு புகுந்த இடத்தில் தீக்குப் பின் முளைக்கும் நாற்று மிகவும் குறைந்துபோனதைக் காட்டியது. ஒரு எறும்பு இடம் மாறியதால் ஒரு செடியே இல்லாமல் போகலாம்.

அதனால் வெளிநாட்டு ராணியை யாராவது விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வெளிநாட்டு உயிரினத்தை உள்ளே கொண்டுவருவது 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி குற்றம். நம் ஆப்பிரிக்க ராணிகளை வெளியே கடத்துவதும் நடக்கிறது. 2025-இல் கென்யாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த 19 வயதுப் பையன்கள் இருவர் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். டெஸ்ட் டியூபில் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள், நாம் இங்கே சொல்லித்தருகிற அதே முறை. 10 லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் 12 மாதச் சிறை என்று தீர்ப்பு.

இயற்கைப் பூங்காவிலிருந்து ஒரு எறும்பைக்கூட எடுக்கக்கூடாது. வெளியிடங்களில் பிடிப்பதற்கு மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். உங்கள் மாகாண இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் கவிதா.

---

ஹைவெல்ட்_குமரன் எழுதியது:

ராஜி அக்கா சொன்னது வெளிநாட்டு எறும்புக்குச் சரி. ஆனால் நாட்டுக்குள்ளேயே இருப்பதை வாங்குவதில் என்ன? கரூ என்கிற வறண்ட நிலப்பகுதியில் கேம்போனோட்டஸ் ஃபுல்வோபிலோசஸ் என்று ஒன்று இருக்கிறது. கருப்பு உடம்பு, வயிறு மட்டும் பொன்னிற முடி. பெரிய எறும்பு. அதை வளர்க்கவேண்டும் என்று எனக்குப் பல காலமாக ஆசை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து மெஸ்ஸோரை டர்பனில் ஒருவர் வளர்த்தால்கூட என்ன ஆகிவிடும்?

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

குமரா, ஆசை புரிகிறது. அந்த எறும்பைக் கரூவில் வெயிலில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனாலும் நான் ராஜி பக்கம்தான். ஒரே நாடு என்பது நம் வரைபடம். கரூவும் டர்பனும் எறும்புக்கு ஒன்றல்ல. டர்பன் ஈரக்காற்றில் வறண்ட நிலத்து எறும்பை வைத்தால் பூஞ்சை, சிற்றுண்ணி என்று ஓயாத தொல்லை. அந்த உண்ணி உள்ளூர் எறும்புக்கும் பரவலாம். தப்பித்தால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்று, தபாலில் விற்கப்படும் ராணிகளில் இணைசேராதவை கலந்திருக்கும். அவள் இடும் முட்டையிலிருந்து ஆண் மட்டுமே வரும், கூட்டம் உருவாகாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. வாங்கும்போது பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

உன் வீட்டு மழையில் உன் வீட்டு வாசலுக்கு வந்த ராணி. அந்த மண்ணின் வெப்பமும் ஈரமும் அவளுக்குப் பழகியது. வளர்க்க முடியாமல் போனால் பிடித்த இடத்திலேயே திருப்பி விடலாம். இந்த வசதி வேறு எந்த எறும்பிலும் கிடையாது.

---

ஹைவெல்ட்_குமரன் எழுதியது:

திருப்பி விடலாம் என்பதை நான் யோசிக்கவில்லை. சரி, கரூ எறும்பைக் கரூவிலேயே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஜோபர்க்கில் ஒருவர் பிடித்த மெஸ்ஸோரைப் பெனோனியில் இருப்பவருக்குக் கொடுப்பதில் தவறில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

---

மலையடி_ராஜி எழுதியது:

அது பக்கத்து ஊர், அதே புல்வெளி. அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

---

கவிதா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

சில வாரம் கழித்து எழுதுகிறேன். ராணி முட்டையிட்டாள்! வெள்ளையாக, நீள்வட்டமாக ஒரு சின்னக் கொத்து. மகனுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. இப்போது மூன்று சந்தேகம். (1) அவன் பள்ளிவிட்டு வந்ததும் துணியை விலக்கிப் பார்க்கிறான். நேற்று முட்டைக் கொத்து சிறிதாகிவிட்ட மாதிரி தெரிந்தது. (2) தண்ணீர்ப் பக்கப் பஞ்சில் கருப்பாக ஏதோ பிடித்திருக்கிறது. (3) மின்வெட்டு நேரத்தில் அறை புழுங்குகிறது, பரவாயில்லையா?

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

முட்டை குறைந்தது ராணி தின்றதால்தான் இருக்கும். வெளிச்சமும் ஆட்டமும் அடிக்கடி வந்தால், இந்த இடம் பாதுகாப்பில்லை என்று எடுத்துக்கொண்டு போட்ட சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். மறுபடி இடுவாள், பயப்படாதீர்கள். ஆனால் பார்ப்பதை வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணிக்குப் பதில் சிவப்பு செலோபேன் தாள் சுற்றினால் இன்னும் நல்லது. சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு அவ்வளவாகத் தெரியாது. அவன் பார்த்துக்கொள்ளலாம், அவள் இருட்டில் இருப்பாள். பார்த்ததை நாள் போட்டு ஒரு நோட்டில் வரைந்து வைக்கட்டும். முட்டை எது, புழு எது, பழுப்பு உறைக்குள் இருக்கும் கூட்டுப்புழு எது என்று அவனுக்கே பிடிபடும்.

பஞ்சுக் கருமை பெரும்பாலும் சாதாரணப் பூஞ்சைதான். ராணி அதிலிருந்து தள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்காகக் குழாயை மாற்றி அலைக்கழித்தால் பூஞ்சையைவிட அதிகக் கெடுதல். ரொம்பப் பரவினால் புதுக் குழாய் தயார்செய்து, இரண்டின் வாயையும் சேர்த்து நாடா ஒட்டி, பழையதை வெளிச்சத்திலும் புதியதை இருட்டிலும் வையுங்கள். அவளாகவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு நாளில் போகாவிட்டாலும் கொட்டி மாற்றாதீர்கள்.

புழுக்கம் பரவாயில்லை. 30 டிகிரிக்குள் இருந்தால் போதும். வெயில் படும் ஜன்னலில் மட்டும் வைக்கக்கூடாது, கண்ணாடிக்குள் சூடு ஏறி மணிக்கணக்கில்கூடத் தாங்காது. அறையில் கொசுவத்தி, மின்சாரக் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது. கொசுவைக் கொல்வது எறும்பையும் கொல்லும்.

---

கவிதா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

வந்துவிட்டார்கள்! நான்கு குட்டி வேலைக்காரர்கள். வெளிறிப்போய், ராணியில் பாதிகூட இல்லை. இப்போது என்ன கொடுப்பது? எவ்வளவு? புற்று மாதிரி ஒன்று வாங்கட்டுமா என்று மகன் கேட்கிறான்.

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

வாழ்த்துகள்! முட்டையிலிருந்து வேலைக்காரர் வரை இந்த இனத்துக்கு வெப்பத்தைப் பொறுத்து 6 முதல் 8 வாரம் ஆகலாம், அதனால் எல்லாம் சரியாகத்தான் போகிறது. முதல் தலைமுறை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். ராணி தன் உடம்பை மட்டும் வைத்து வளர்த்த பிள்ளைகள். அடுத்தடுத்து வருகிறவை பெரிதாகும். கூட்டம் பெருத்த பிறகு பெரிய தலை வேலைக்காரர்களும் வருவார்கள்.

சாப்பாடு இரண்டு வகை. வேலைக்காரர்களுக்கு ஓட இனிப்பு, புழு வளர இறைச்சி. இனிப்புக்குச் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர். சின்ன பஞ்சுத் துணுக்கில் நனைத்து வாய்ப்பக்கம் வையுங்கள். சொட்டாக விட்டால் குட்டிகள் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். இறைச்சிக்கு வாழைப்பழத்தோலை ஒரு பாட்டிலில் போட்டு வைத்தால் பழ ஈ வந்து சேரும். அதில் ஒன்றிரண்டைக் கொஞ்ச நேரம் உறையவைத்துக் கொடுங்கள். கொசுவும் சரி, அவித்த முட்டையில் ஒரு துணுக்கும் சரி. வீட்டுக் கரப்பானைக் கொடுக்காதீர்கள், எங்கே மருந்து தின்றது என்று தெரியாது. வாரம் இரண்டு முறை போதும். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும், டர்பன் ஈரத்தில் ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

கூடு இப்போது வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நான்கு எறும்புக்குப் பெரிய கூடு கொடுத்தால் மூலையில் குப்பை சேர்ப்பார்கள், சுத்தம்செய்ய ஆள் இருக்காது, ஈரம் போய்விடும். 20, 30 பேர் ஆகட்டும். அதுவரை குழாயை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து வாய்ப் பஞ்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், டப்பாவே இரைதேடும் களம். பிறகு ஜிப்சத்திலோ காற்றறைக் கான்கிரீட் (உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட்) கட்டியிலோ நீங்களே குடைந்து செய்யலாம். ஒரு முனையில் மட்டும் ஈரம் கொடுங்கள். எங்கே குஞ்சு வைப்பது என்று அவர்களே தேர்ந்துகொள்வார்கள்.

டப்பாவின் மேல் விளிம்பில் உள்பக்கம் வழுக்கல் பட்டை வேண்டும். முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினால் காய்ந்து வழுக்கும். ஆனால் உங்கள் ஊர் ஈரத்தில் அது கட்டிபிடித்துவிடும், அடிக்கடி புதிதாகப் பூசவேண்டும். மெல்லிய வாசலின் பட்டை அங்கே நன்றாக நிற்கும். எப்படியும் மூடி கட்டாயம்.

---

கரும்புத்தோட்டம் எழுதியது:

இவ்வளவு நாளும் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பொறுமையாக இருந்திருக்கிறான், அதைச் சொல்லவேண்டும். செல்வன் சொன்னபடி தோண்டாமல், கடத்தாமல், வாசலில் வந்ததை மட்டும் எடுப்பதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இவள் எவ்வளவு காலம் இருப்பாள்? பையன் பெரியவனாகி வேறு ஊர் போனால் யார் பார்ப்பது?

ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குள் வரும் பெருந்தலைச் சின்ன எறும்பு உன் டப்பாவைச் சும்மா விடாது மகளே. இரையோ இனிப்போ இருந்தால் தேடி வரும். வயலில் கறையான் புற்றைக்கூட அது சூறையாடி நான் பார்த்திருக்கிறேன்.

---

மலையடி_ராஜி எழுதியது:

தாத்தா சொல்வது ஃபெய்டோலே மெகாசெஃபாலா. 1793-இல் மொரீஷியஸில் கிடைத்த மாதிரியை வைத்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள், இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் எச்சரிக்கை ரொம்பச் சரி. நான்கு குட்டிகள் அதை எதிர்த்து நிற்கமுடியாது.

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

ஐயா கேட்டது எல்லோரும் தொடங்கும் முன்பே கேட்கவேண்டியது. கேம்போனோட்டஸ் ராணி பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியவள். ஐரோப்பாவின் கருப்புத் தோட்ட எறும்பு ராணி ஒருத்தி வளர்ப்பில் 28 ஆண்டுக்கு மேல் இருந்ததாகப் பதிவு உண்டு. அதனால் கவிதா, இதைப் பையனோடு சேர்ந்து நீங்களும் ஏற்றுக்கொள்கிற பொறுப்பாக எண்ணுங்கள். ஒருநாள் முடியாது என்றானால், நல்ல கோடை நாளில் உங்கள் வராந்தாப் பக்கமே ஒரு மரத்தடியில் குழாயைத் திறந்து வைத்தால் போதும். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடவேண்டாம்.

பெருந்தலை எறும்புக்கு நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவைக் காப்பாற்றும் முறையே போதும். அகலத் தட்டில் ஒரு விரல் உயரம் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் டப்பா. டப்பா சுவரில் படக்கூடாது, மேலே துணியோ வயரோ தொங்கக்கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், அப்போதுதான் அந்த எறும்பு மேலே மிதந்து கடக்காது. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

---

கவிதா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

தட்டு வைத்தாயிற்று. கிண்ணம் பித்தளை, பரவாயில்லையா? தாத்தா, பையன் ஊருக்குப் போனால் நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது மாமியார் பொறுப்பு என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

---

மரிட்ஸ்பர்க்_செல்வன் எழுதியது:

பித்தளை தாராளமாக. டப்பா ஆடாமல் உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரிய தலை வேலைக்காரர் முதன்முதலில் வரும்போது பையன் வரைந்த படத்தை இங்கே போடச் சொல்லுங்கள்.